ஆவணத் தளத்தில் நம் பெயர் வெட்டுவது: எவ்வளவு ஆழம்?

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். குடத்தின் கழுத்தில் நான்கு எழுத்து, அவ்வளவுதான். பத்து வீட்டுக் குடங்கள் ஒரே இடத்தில் கிடந்தாலும் நம்முடையதை எடுத்துவிடலாம். அதற்காகக் குடத்தையே உருக்கிப் புதிதாக வார்க்க யாரும் கிளம்புவதில்லை.

மென்பொருளுக்கு ஆவணத் தளம், அதாவது பயன்படுத்தும் முறையை விளக்கும் இணையதளம், அமைப்பவர்கள் மட்டும் அடிக்கடி உருக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டு பேர் கொண்ட குழு, ஒரு நிரல்தொகுப்பு, எம்கேடாக்ஸ் என்ற தளம் உருவாக்கும் கருவியில் நாற்பது பக்க ஆவணம். "எங்கள் நிறம் ஆரஞ்சு. தளமோ நீலமாக இருக்கிறது, இன்னும் ஆயிரம் தளங்களைப் போலவே. தீமின் வார்ப்புருக்களைத் திருத்தி எழுதலாமா, கட்டணச் சேவைக்குப் போகலாமா, டாக்குசாரஸுக்கு மாறிவிடலாமா?" இதே கேள்வி, நிறம் மட்டும் மாறி, வேறு சிலரிடமிருந்தும் வந்திருக்கிறது. (தீம் என்பது தளத்தின் ஆயத்தத் தோற்றத் தொகுப்பு, வார்ப்புரு என்பது அதில் பக்கத்தின் சட்டகத்தை வகுக்கும் கோப்பு. தீம் என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்த்தால் 'தீமை' என்றாகிவிடுகிறது. சில தளங்களைப் பார்க்கும்போது அந்தப் பொருளும் தவறில்லை என்று தோன்றும்.)

கருவிகளின் பெயரை வைத்து இந்தக் கேள்வியை அணுகினால் முடிவு கிடைக்காது. ஸ்ஃபிங்க்ஸ், எம்கேடாக்ஸ், டாக்குசாரஸ் என்ற மூன்று ஆவணக் கருவிகளிலும் அழகான தளங்கள் இருக்கின்றன, அலங்கோலமானவையும் இருக்கின்றன. எவ்வளவு ஆழம் கைவைக்கப் போகிறோம் என்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது. ஆகவே கருவிகளை விட்டுவிட்டு ஆழங்களை ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

படிப்பவரின் நிலை. ஆவணத் தளத்துக்கு யாரும் உலாவ வருவதில்லை. திரையில் ஒரு பிழைச்செய்தி, பின்னால் மேலாளர், நடுவில் தேடுபொறி கொண்டுவந்து விட்ட ஒரு பக்கம். அவர் பெரும்பாலும் முகப்பைப் பார்ப்பதே இல்லை. நேராக உள்பக்கத்தில் வந்து விழுகிறார். 'சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன்' என்று இரண்டு நொடியில் அவருக்குத் தெரிய வேண்டும். அடையாளத்துக்கு அங்கே இருக்கும் வேலை அவ்வளவுதான். முகப்புப் பக்கத்தில் மூன்று வாரம் செலவழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேம்படுத்தும் நாள். என் அளவில் முதன்மையான அளவுகோல் இதுதான். ஒரு மாற்றத்தைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆனது என்று எல்லோரும் கணக்கிடுகிறோம். கருவியின் அடுத்த பெரிய பதிப்பு வரும்போது அந்த மாற்றத்தை மறுபடி உயிர்ப்பிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

கை. அடுத்த வருடம் இந்தத் தளத்தை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்? ரியாக்ட் என்ற இணைய நிரல் நூலகத்தை அறிந்த ஒருவர் இன்று குழுவில் இருக்கிறார் என்பதற்காக ரியாக்டில் ஒரு மாளிகை கட்டினால், அவர் விலகும் நாளில் அது பூட்டிய மாளிகை.

வாசிப்புத்தெளிவு. டபிள்யூசிஏஜி (WCAG) என்னும் அணுகல்தன்மை விதிகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளைத் தாளில் #777777 என்ற சாம்பல் 4.48 பெற்றுத் தோற்கிறது, #767676 அதைவிடத் துளி கருமையாக இருந்து 4.54 பெற்றுத் தேறுகிறது. நிறுவன நிறங்களை வகுத்தவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். விளம்பரப் பலகைக்காகத் தேர்ந்தெடுத்த நிறம் நான்கு பத்தி உரைக்கு நடுவே இணைப்பாக நிற்கும் என்று அவர் நினைத்தே இருக்க மாட்டார்.

வெளியேறும் செலவு. ஒரு நாள் இடம் மாற வேண்டியிருந்தால் எதை எடுத்துச் செல்ல முடியும், எது அங்கேயே கிடக்கும்?

பணம் ஆறாவது. அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு: இலவசம் என்று நாம் நினைக்கும் வழிகளில்தான் பணம் அதிகம் போகிறது, சம்பள நேரமாக.

## எல்லாவற்றுக்கும் முன்: முகவரி

எந்த வழியில் போனாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று. தளத்தைச் சொந்த டொமைனின் கீழ் கொண்டுவாருங்கள். தளத்தை ஏற்றி வைத்துக்கொள்ளும் கிட்ஹப் பேஜஸோ ரீட் த டாக்ஸோ கொடுக்கும் இரவல் முகவரியில் எவ்வளவு அழகான லோகோ வைத்தாலும் அது வாடகை வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை. டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பட்டியலில் ஒரு சிநேம் (CNAME) பதிவு சேர்க்க அரை மணி நேரம் போதும். இந்த இரண்டு சேவைகளிலும் சொந்த டொமைனுக்கு இலவச இடம் உண்டு. நாளை வேறு இடத்துக்குப் போனாலும் உலகெங்கும் பதிந்து கிடக்கும் இணைப்புகள் உங்கள் கையிலேயே இருக்கும். தலைப்பட்டையின் நிறத்தைப் பற்றி ஒரு மாதம் விவாதித்துவிட்டு இதை மறந்த குழுக்கள் உண்டு.

## வழி 1: தீம் தரும் அமைப்புகளோடு நிற்பது

லோகோ, உலாவித் தாவலில் தெரியும் சிறுபடம், முதன்மை நிறம், எழுத்துரு, அடிக்குறிப்பு ஆகியவற்றை அமைப்புக் கோப்பில் சில வரிகளில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது.

மெட்டீரியல் ஃபார் எம்கேடாக்ஸ் என்ற தீம் இதில் தாராளமானது. முதன்மை நிறம், அழுத்த நிறம், ஒளிர் வடிவம், இருண்ட வடிவம், இரண்டுக்கும் இடையே மாற்றும் பொத்தான் எல்லாம் ஒரே கோப்பில் முடியும். ஸ்ஃபிங்க்ஸில் அது தீமைப் பொறுத்தது (பாருங்கள், சொல் மறுபடி வந்துவிட்டது). இயல்பாக வரும் அலபாஸ்டர் எளிமையானது. ரீட் த டாக்ஸ் தீமின் இடதுபக்கக் கரும்பட்டையைப் பைத்தான் உலகில் பார்க்காதவர் இல்லை. ஃப்யூரோ என்ற இன்னொரு தீமில் ஒளிர் வடிவத்துக்கு ஒன்று, இருண்ட வடிவத்துக்கு ஒன்று என இரண்டு லோகோ கொடுக்கலாம், நிறங்களையும் தனித்தனியே கொடுக்கலாம். டாக்குசாரஸிலும் இரண்டு லோகோவுக்கு இடம் உண்டு.

இந்த இரட்டை லோகோ சின்ன விஷயமாகத் தெரியும். ஒளிபுகும் பின்னணியில் கறுப்பு எழுத்தாக இருக்கும் லோகோ இருண்ட வடிவத்தில் அப்படியே காணாமல் போய்விடும். பகலில் மட்டும் தளத்தைச் சரிபார்க்கும் குழுவுக்கு அது மாதக்கணக்கில் தெரியாது.

மறைந்திருக்கும் செலவு: ஏறக்குறைய இல்லை. தீம் கொடுக்கும் பட்டியலில் உங்கள் நிறம் இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்து நிறத்தோடு சமாதானம் ஆக வேண்டும். 'இது மெட்டீரியல் தளம்' என்று கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டுமே. எங்கே தேடல் பெட்டி, எங்கே உள்ளடக்கப் பட்டியல் என்று ஏற்கெனவே பழகிய கண்ணோடு அவர்கள் வருகிறார்கள். அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த வசதி.

இது பொருந்தும் இடம்: இருவர், மூவர் குழுக்கள், திறமூலத் திட்டங்கள், நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் ஆவணங்கள். முதல் பதிப்பு எதுவாக இருந்தாலும் இதில் தொடங்குவது நல்லது.

## வழி 2: சொந்தமாக ஒரு சிஎஸ்எஸ் கோப்பு

தீமின் மேல் நம்முடைய சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்ற விதிகள்) கோப்பு ஒன்றைக் கூடுதலாக ஏற்றுவது. மூன்று கருவிகளிலும் இதற்கு வாசல் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். ஆனால் இதற்குள் இரண்டு விதம் இருக்கிறது. அவற்றுக்கு இடையே உள்ள தூரம், வழி 1-க்கும் வழி 3-க்கும் இடையே உள்ளதைவிட அதிகம்.

முதல் விதம், தீம் வெளிப்படையாக அறிவித்திருக்கும் மாறிகளை (பெயரிட்டு வைத்த மதிப்புகளை) மட்டும் மாற்றுவது. மெட்டீரியலில் முதன்மை நிறத்துக்கு ஒரு மாறி இருக்கிறது. டாக்குசாரஸ் இன்ஃபிமா என்ற சிஎஸ்எஸ் தொகுப்பின் மேல் நிற்கிறது. அங்கே முதன்மை நிறத்தோடு அதன் மூன்று கருஞ்சாயல், மூன்று வெளிர்சாயல் என ஏழு மாறிகள். ஒரு நிறம் கொடுத்தால் மற்ற ஆறையும் கணக்கிட்டுத் தரும் சிறு கருவி டாக்குசாரஸின் சொந்த ஆவணத்திலேயே இருக்கிறது. இவை தீம் ஆசிரியர் உங்களிடம் ஒப்புக்கொண்ட கைப்பிடிகள். பதிப்பு மாறினாலும் எளிதில் கழன்று வராது.

இரண்டாம் விதம், உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறந்து, கண்ணில் பட்ட வகுப்புப் பெயரைப் பிடித்து, மற்ற விதிகளை மீறவைக்கும் 'இம்பார்ட்டன்ட்' என்ற சொல்லைச் சேர்த்துத் திணிப்பது. டாக்குசாரஸில் பல வகுப்புப் பெயர்களின் வாலில் தானாக உருவாகும் எழுத்துக் கோவை ஒன்று தொங்கும். அதை நம்பி எழுதிய விதி எந்தப் பதிப்பில் செத்துப்போகும் என்று சொல்ல முடியாது. நிலையான பெயர்கள் வேண்டுமென்றே தனியாக 'தீம்' என்ற முன்னொட்டோடு வகுப்புகள் வைத்திருக்கிறார்கள், அவற்றைப் பிடியுங்கள்.

ஒரு தோராய விதி: சிஎஸ்எஸ் கோப்பு நூறு வரியைத் தாண்டினால் நின்று யோசியுங்கள். 'இம்பார்ட்டன்ட்' ஐந்து முறைக்கு மேல் வந்தாலும் அப்படியே. அந்த எண்களுக்கு என் எரிச்சலைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

### தமிழில் எழுதும் தளம் என்றால்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத் தளங்களுக்காக எழுதிய எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது.

மெட்டீரியல் இயல்பாக ஏற்றும் எழுத்துரு ரோபோட்டோ. அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே தமிழ் உரை வாசகரின் கணினியில் இருக்கும் எழுத்துருவுக்குப் போய்விடும்: விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் நோட்டோ. நீங்கள் எந்த அடையாளத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. வாசகரின் கணினி உங்களுக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டது. மூன்று இடத்தில் மூன்று முகம். தமிழ் ஆவணத் தளத்தில் லோகோவைவிட, நிறத்தைவிட, எழுத்துருதான் அடையாளம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அமைப்பில் வெளிப்படையாக எழுதுங்கள்.

எழுத்துருவோடு வேலை முடிவதில்லை. தமிழில் கொக்கி மேலேயும் உண்டு, சுழி கீழேயும் உண்டு. ஆங்கிலத்துக்காக வைத்த வரி இடைவெளியில் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும், 1.7 அல்லது 1.8 வைத்தால் மூச்சு வரும். மெட்டீரியலின் முதல்நிலைத் தலைப்பு மெல்லிய 300 எடையில், வெளிர் சாம்பலில் வரும். லத்தீன் எழுத்தில் அது நாகரிகம், தமிழில் நோஞ்சான். 600-க்கு உயர்த்துங்கள். சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை. எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாதபோது உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவைக்கும். அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தைப் பயன்படுத்தும்படி ஒரு வரியில் மாற்றிவிடலாம். நிரல் பகுதிகளுக்குள் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதினால் அங்கே சம அகல எழுத்துரு கைகொடுக்காது, நெடுக்கு ஒழுங்கு கலையும். அதைச் சரிசெய்ய நேரம் செலவழிக்காதீர்கள்; குறிப்பைத் தனி வரியில் எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தோற்றத்தோடு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கருவியைத் தேர்வதில் அது பங்கு வகிக்கும். ஸ்ஃபிங்க்ஸின் உள் தேடல் சொற்களைப் பிரிக்கும் பொதுவிதி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் கொள்வதில்லை. 'தமிழ்' என்ற சொல் அதன் கண்ணில் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டு. தமிழ் ஆவணத்துக்கு ஸ்ஃபிங்க்ஸ் என்று முடிவு செய்தால் தேடலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: எழுத்துருவைக் கூகுளின் சேவையகத்திலிருந்து ஏற்றினால் வாசகரின் ஐபி முகவரி அங்கே போகிறது. 2022 ஜனவரியில் மியூனிக்கில் உள்ள நீதிமன்றம் ஒன்று இதற்காக ஒரு தளத்தின் உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய வாசகர்கள் இருந்தால் எழுத்துருக் கோப்பை உங்கள் தளத்திலேயே வையுங்கள். மெட்டீரியலில் இதற்கென்றே தனியுரிமைச் செருகுநிரல் உண்டு.

## வழி 3: வார்ப்புருக்களைத் திருத்தி எழுதுவது

நிறமும் எழுத்தும் போதாது, தலைப்பட்டையின் அமைப்பே வேறாக வேண்டும், பக்கத்தின் அடியில் 'இது உதவியதா' என்ற கேள்வி வேண்டும், முகப்பு முற்றிலும் தனியாக வேண்டும் என்னும்போது இங்கே வருகிறோம். ஸ்ஃபிங்க்ஸிலும் எம்கேடாக்ஸிலும் ஜின்ஜா என்ற மொழியில் எழுதிய வார்ப்புருக்கள். டாக்குசாரஸில் ரியாக்ட் கூறுகள், அவற்றை மாற்றி எழுதுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்விஸில்.

என் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் இருந்த குழுவில் தலைப்பட்டையில் 'பதிவிறக்கு' என்று ஒரு பொத்தான் கேட்டார்கள். தலைப்பட்டையின் வார்ப்புருக் கோப்பை அப்படியே நகலெடுத்து, நடுவில் மூன்று வரி சேர்த்தேன். இருபது நிமிட வேலை, பாராட்டும் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து கருவியின் புதிய பதிப்புக்கு மாறினோம். தளம் உருவானது, பிழைச்செய்தி எதுவும் இல்லை, பொத்தானும் இருந்தது. தேடல் பெட்டியில் தட்டச்சு செய்ய முடிந்தது, முடிவுகள்தான் வரவில்லை. புதிய பதிப்பின் நிரல் தேடிய ஒரு பண்பு என் பழைய நகலில் இல்லை. எங்களுக்குத் தெரியவந்தது பதினொன்றாம் நாள். அதுவரை யாரும் புகார் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தவறு கருவியுடையது அன்று. நான் மூன்று வரி சேர்த்ததாக நினைத்தேன். உண்மையில் அந்தக் கோப்பின் எல்லா வரிகளையும் தத்தெடுத்துக்கொண்டேன்.

ஆகவே இந்த வழியிலும் இரண்டு தரம் பிரிக்க வேண்டும். கோப்பை முழுதாக நகலெடுக்காமல், மூல வார்ப்புருவை நீட்டித்து, அதில் பெயரிட்டு விட்டிருக்கும் ஒரு கட்டத்தை மட்டும் நிரப்புவது முதல் தரம். மெட்டீரியலில் அறிவிப்புப் பட்டை, அடிப்பகுதி போன்றவற்றுக்கு அப்படிப்பட்ட கட்டங்கள் உண்டு. டாக்குசாரஸில் இதற்கு இணையானது 'ராப்': மூலக் கூறு உள்ளே அப்படியே இருக்க, வெளியே ஒரு உறை போடுவது. முழுதாக நகலெடுப்பது 'எஜெக்ட்'. எந்தக் கூறைத் தொடுவது பாதுகாப்பானது, எது இல்லை என்று டாக்குசாரஸின் கட்டளையே பட்டியல் போட்டுக் காட்டும். பாதுகாப்பற்றது என்று குறித்ததைத் தொட வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். அந்த இடத்தில் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

நகலெடுத்தே ஆக வேண்டும் என்றால், நகலின் முதல் வரியில் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, ஏன் எடுத்தது என்று எழுதிவையுங்கள். மெட்டீரியலின் பல மேம்படுத்தல் வழிகாட்டிகளில் எந்த வார்ப்புருவில் எந்த வரி மாறியது என்று வரிவரியாகக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கம் உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு, பதிப்பைவிடப் பெரியது: கருவியே நகர்ந்துபோவது. மெட்டீரியலை உருவாக்கியவர்கள் 2025 நவம்பரில் சென்சிக்கல் என்ற புதிய கருவியை அறிவித்து, மெட்டீரியலைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றினார்கள். அமைப்புக் கோப்போடும் நூறு வரி சிஎஸ்எஸ்ஸோடும் நின்றவர்களுக்கு அடுத்த இடத்துக்கு நகர்வது சிறு வேலை. முப்பது வார்ப்புருக்களைத் திருத்தி வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றையும் எதற்காகத் திருத்தினோம் என்று நினைவுபடுத்திக்கொண்டிருப்பார்கள்.

இது பொருந்தும் இடம்: ஆவணமே உங்கள் தயாரிப்பின் முகமாக இருக்கும்போது. நிரல் இடைமுகம் விற்கும் நிறுவனம் ஒரு எடுத்துக்காட்டு. வாங்குபவர் முதலில் படிப்பதே ஆவணத்தைத்தான். கூடவே, தளத்துக்கென்று பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வழி 2-க்குத் திரும்புங்கள்.

## வழி 4: கட்டணச் சேவை

கிட்புக், ரீட்மீ, மின்ட்லிஃபை போன்றவை. உலாவியிலேயே நிறத்தைச் சொடுக்கி, லோகோவை இழுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் பளிச்சென்று ஒரு தளம். நிரல் எழுதாத எழுத்தாளர்களும் தயாரிப்பு மேலாளர்களும் தாமே திருத்தலாம் என்பது இதன் உண்மையான பலம்; அழகு இரண்டாவதுதான். மேம்படுத்தும் நாள் என்ற தலைவலி உங்களுடையது இல்லை.

கைக்காசு எங்கே போகும்? அடையாளம் சார்ந்த வசதிகள்தான் இங்கே படிநிலையாக விற்கப்படுகின்றன. எழுதுவதற்குக் குறைந்த விலை. சேவையின் பெயரை அடியிலிருந்து எடுக்க, சொந்த எழுத்துரு ஏற்ற, சொந்த சிஎஸ்எஸ் சேர்க்க பெரும்பாலும் மேல்படி. கையெழுத்து போடும் முன் விலைப்பக்கத்தில் இந்த மூன்றையும், டொமைனையும், எத்தனை பேர் திருத்தலாம் என்பதையும் தேடிப் பாருங்கள். தமிழ்த் தளம் என்றால் சொந்த எழுத்துரு எந்தப் படியில் இருக்கிறது என்பதே உங்கள் உண்மையான விலை. நீங்கள் கேட்காமலே ஒரு நாள் காலையில் தளத்தின் தோற்றம் மாறியிருக்கவும் கூடும். மேம்படுத்தும் தலைவலி இல்லை என்றால், மேம்படுத்தாமல் இருக்கும் உரிமையும் இல்லை.

வெளியேறும் செலவுக்குக் கிட்புக்கின் வரலாறே பாடம். 2014-இல் திறமூலக் கட்டளைக் கருவியாகத் தொடங்கியது அது. பின்னர் நிறுவனம் இணையச் சேவையாக மாறியதும் பழைய கருவியின் வளர்ச்சியை நிறுத்தியது. அதை நம்பி இருந்தவர்களில் சிலர் ஹான்கிட் என்ற கிளைக்குப் போனார்கள். அப்படிப் போக முடிந்ததற்குக் காரணம் மூலநிரல் திறந்திருந்தது. முழுக்க இணையத்தில் மட்டும் இருக்கும் சேவையில் அப்படிக் கிளை பிரிக்க வழி கிடையாது. ஆகவே உள்ளடக்கம் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு உரையாக, கோப்புகளின் பதிப்புகளைச் சேமிக்கும் உங்கள் கிட் களஞ்சியத்தோடு ஒத்திசையுமா என்று முதல் நாளே சோதியுங்கள். அந்தச் சேவைக்கே உரிய சிறப்புப் பெட்டிகளையும் தாவல்களையும் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறீர்களோ அவ்வளவு எளிதாக வெளியே வரலாம்.

இது பொருந்தும் இடம்: எழுதுபவர்களில் பெரும்பாலோர் நிரலாளர் அல்லாத குழு, தளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கட்டணம் கட்டப் பணம் இருக்கிறது.

## அடியிலிருந்து தானே கட்டுவது

ஐந்தாவது வழியாக இதையும் சிலர் கேட்கிறார்கள். தேடல், பதிப்பு மாற்றி, இருண்ட வடிவம், கைப்பேசித் தோற்றம், காணாமல் போன பக்கத்துக்கான செய்தி, அச்சுத் தோற்றம் ஆகிய ஆறையும் நீங்களே எழுதப் போகிறீர்கள். வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | அமைப்புகள் மட்டும் | சொந்த சிஎஸ்எஸ் | வார்ப்புருத் திருத்தம் | கட்டணச் சேவை |
|---|---|---|---|---|
| தொடக்க உழைப்பு | ஒரு மாலை | ஓரிரு நாள் | வாரங்கள் | ஒரு மணி நேரம் |
| பெரிய பதிப்பு வரும்போது | பெரும்பாலும் தொல்லை இல்லை | மாறிகளோடு நின்றால் குறைவு | ஒவ்வொரு நகலையும் ஒப்பிட வேண்டும் | உங்கள் கையில் இல்லை |
| தேவையான கை | யாரும் | சிஎஸ்எஸ் தெரிந்தவர் | ஜின்ஜா அல்லது ரியாக்ட் தெரிந்த பொறுப்பாளர் | யாரும் |
| தமிழ் எழுத்துரு, வரி இடைவெளி | பாதி முடியும் | முழுதும் முடியும் | முழுதும் முடியும் | கட்டணப் படியைப் பொறுத்தது |
| வெளியேறும் செலவு | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | ஒத்திசைவு இல்லையேல் மிக அதிகம் |
| எட்டிப்பார்க்கும் செலவு | பக்கத்து வீட்டுச் சாயல் | 'இம்பார்ட்டன்ட்' பெருகுவது | பொறுப்பாளர் விலகும் நாள் | சொந்தப் பெயர் மட்டும் தெரிவதற்கான மேல்படி |

அட்டவணையில் இல்லாத ஒன்று: கருவியையே மாற்றுவது. தோற்றத்துக்காக மட்டும் எம்கேடாக்ஸிலிருந்து டாக்குசாரஸுக்குப் போகாதீர்கள். அங்கே பக்கங்கள் எம்டிஎக்ஸாக, அதாவது ரியாக்ட் நிரலும் கலக்கக்கூடிய மார்க்டவுனாக, வாசிக்கப்படும். நேற்று வரை சாதாரண எழுத்தாக இருந்த நெளிவு அடைப்பும் கோண அடைப்பும் அங்கே நிரலாகப் பார்க்கப்பட்டு, பக்கம் உருவாகாமல் நிற்கும். பைத்தானை மட்டும் வைத்திருந்த குழுவுக்கு ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் சூழலும் சேர்ந்துகொள்ளும். பல மொழிப் பதிப்புகளோ, பக்கத்துக்குள் இயங்கும் ரியாக்ட் கூறுகளோ தேவைப்பட்டால் அது வேறு பேச்சு. அப்போது நீங்கள் மாறுவதற்குக் காரணம் நிறம் அன்று.

## ஆரஞ்சுக்காரருக்கு

இணையத்தில் 'ஆரஞ்சு' என்ற பெயருக்குரிய நிலையான நிறம் வெள்ளையின் மேல் ஏறக்குறைய 2-க்கு 1 மட்டுமே பெறும். அதை இணைப்புகளுக்கு வைத்தால் பலருக்குப் படிக்கச் சிரமமாக இருக்கும். தலைப்பட்டையில் வெள்ளை எழுத்தோடு வைத்தாலும் அதே கணக்குத்தான். ஆனால் ஆரஞ்சுப் பட்டையின் மேல் கறுப்பு எழுத்து வைத்தால் 10-ஐத் தாண்டுகிறது.

ஆகவே அவருக்கு வழி 2-ஐச் சொன்னேன். தலைப்பட்டைக்கு அசல் ஆரஞ்சு, அதன் மேல் கறுப்பு. உரைக்குள் வரும் இணைப்புகளுக்கு அதன் சுட்ட சாயலான #994400. வெள்ளையின் மேல் அது 6.6 பெறும். இருண்ட வடிவத்தில் பின்னணி #222222 என்றால் அசல் ஆரஞ்சே 8 பெறுகிறது, அங்கே அதையே விட்டுவிடலாம். லோகோ ஏற்கெனவே கறுப்பில் இருப்பதால் பட்டையின் மேல் அப்படியே நிற்கும். இத்தனைக்கும் சேர்த்து சிஎஸ்எஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு வரி.

டொமைன் வாங்கியாயிற்றா என்று கேட்டிருந்தேன். இன்னும் இல்லையாம்.